கார்பன் லோடு கூடினால் ரிடென்ஷன் கூடுமா?

வெண்துகள்: "20 சதவீத கார்பன் லோடு உள்ள சி18, 12 சதவீதத்தை விட எப்போதும் அதிகம் பிடிக்கும்" என்று உச்சிவேர் இன்னொரு இழையில் எழுதியிருக்கிறார். புதியவர்கள் நம்பிக் கெடுவார்கள். அவர்களுக்காக: திரவ குரோமடோகிராபிக் குழாயில் அடைத்த சிலிகாத் துகள் மேல் ஒட்டிய 18 கார்பன் சங்கிலிதான் சி18. துகளின் எடையில் கார்பன் எத்தனை சதவீதம் என்பது கார்பன் லோடு. சேர்மத்தை அது எவ்வளவு பிடித்து வைக்கிறது என்பது ரிடென்ஷன். கோர்-ஷெல் துகளைப் பாருங்கள். நடுவில் கெட்டியான சிலிகா. அதில் துளை இல்லை, சி18 இல்லை, எடை மட்டும் உண்டு. சதவீதம் எடைக்குத்தானே? அதனால் குறைந்து தெரிகிறது. ஆனால் பிடிமானம் முழுத்துளைத் துகளுக்குப் பக்கத்திலேயே நிற்கும்.

உச்சிவேர்: ஒரே சிலிகாவில் சி8 போடுங்கள், அப்புறம் சி18 போடுங்கள். எத்தில்பென்சீன் எதில் தாமதமாக வருகிறது? கார்பன் கூடியது, ரிடென்ஷன் கூடியது. முடிந்தது கதை.

வெண்துகள்: "ஒரே சிலிகா" என்பதை இப்போதுதான் சேர்க்கிறீர்கள். வெவ்வேறு சிலிகா என்றால்? பரப்பு அதிகமுள்ள சிலிகாவில் சி18-ஐ இடைவெளி விட்டு ஒட்டினாலும், பரப்பு குறைந்ததில் நெருக்கமாக ஒட்டினாலும் அதே 17 சதவீதம் வரலாம். இரண்டும் ஒரே மாதிரி நடக்காது. இடைவெளி விட்டதில் மூடாத சிலனால் (சிலிகாப் பரப்பிலுள்ள OH) அதிகம். காரச் சேர்மங்கள் அங்கே போய் ஒட்டும்.

பீக்வால்: எண்ட்-கேப்பிங் (மிஞ்சிய சிலனாலைச் சின்ன மூலக்கூறால் மூடுவது) செய்தால் சிலனால் போய்விடுமே?

வெண்துகள்: முழுவதும் போகாது. சி18 சங்கிலிகள் நெருக்கியடித்து நிற்பதால் பாதி சிலனாலைக்கூட வினைக்கு உட்படுத்த முடிவதில்லை. டிரைமெதில்சிலில் சின்னது, கொஞ்சம் உள்ளே நுழையும், அவ்வளவுதான். pH 7-இல் அமிட்ரிப்டிலின் என்ற காரச் சேர்மத்தைப் போட்டால் மீதி தெரிந்துவிடும்.

உச்சிவேர்: அது டெயிலிங், பீக்கின் வால் நீள்வது. நாம் பேசுவது ரிடென்ஷன். பேச்சை மாற்றாதீர்கள்.

வெண்துகள்: சிலனாலில் நடக்கும் அயனிப் பரிமாற்றம் ரிடென்ஷனையும் கூட்டும் ஐயா! ஸ்னைடரும் டோலனும் கொண்டுவந்த ஹைட்ரோபோபிக் சப்ட்ராக்‌ஷன் மாடலில் (குழாய்களை எண்களால் ஒப்பிடும் முறை) அதற்கென்றே C என்று தனி எண் இருக்கிறது, pH 2.8-க்கு ஒன்று, 7-க்கு ஒன்று. கார்பன் சதவீதத்துக்கு அதில் இடமே இல்லை.

நீர்முனை: நீங்கள் இருவரும் இப்படித்தான். 100 சதவீத நீரில் ஓட்டியபோது ரிடென்ஷன் காணாமல் போனதைப் பற்றி நான் கேட்டதற்கு, சங்கிலி மடங்கிவிட்டது என்று உச்சிவேர் அடித்துச் சொன்னார். நீர் துளையை விட்டு வெளியேறுவதுதான் காரணம் என்று நான் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. பம்பை நிறுத்தி மறுபடி ஓட்டினால்தான் ரிடென்ஷன் விழுகிறது. மெத்தனால் அதிகமாகக் கலந்து கழுவினால் திரும்பி வருகிறது.

உச்சிவேர்: பழைய கணக்கை இங்கே தீர்க்க வேண்டாம். 20 என்பது 12-ஐ விடப் பெரியது. இது கணக்கு, கருத்து இல்லை.

வெண்துகள்: சரி, ஹைப்ரிட் துகளுக்கு வாருங்கள். துகளுக்குள்ளேயே எத்திலீன் பாலம் இருக்கிறது. எரித்து அளந்தால் அந்தக் கார்பனும் சதவீதத்தில் சேரும். ஒட்டிய சி18 எவ்வளவு என்று அந்த எண்ணை வைத்து எப்படிச் சொல்வீர்கள்?

உச்சிவேர்: ஹைப்ரிட் விதிவிலக்கு.

வெண்துகள்: கோர்-ஷெல்லும் விதிவிலக்கா? பெரிய புரதம் நுழைவதற்கான 300 ஆங்ஸ்ட்ராம் துளையில் பரப்பு குறைவதால் கார்பனும் குறைகிறதே, அதுவும் விதிவிலக்கா? பிடிபடாமல் வரும் யூராசிலைப் போட்டு வெற்று நேரம் எடுங்கள், இரண்டு பேக்கிங்குக்கும் k (சேர்மம் கூடுதலாகத் தங்கிய நேரத்தை வெற்று நேரத்தால் வகுத்தது) கணக்கிட்டு குரோமடோகிராமை இங்கே போடுங்கள். வெறும் நிமிடத்தை வைத்து வாதாடாதீர்கள்.

உச்சிவேர்: k கணக்கு எனக்குக் கற்றுத்தர வேண்டாம். எத்தில்பென்சீன் கேள்விக்கு இன்னும் நேரான பதில் வரவில்லை.