மோட்டார் ஷட்டர் பாதியில் நின்றுவிடுகிறது: மோட்டாரை மாற்றத்தான் வேண்டுமா?

காலடிப்பேட்டைவாசி:
திருவொற்றியூரில், கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் எங்கள் வீடு. கார் நிறுத்துமிடத்துக்கு, தகடு சுருளும் தண்டின் நடுவில் மோட்டார் பொருத்திய ரோலிங் ஷட்டர் போட்டிருக்கிறோம். சில வாரங்களாக அது இடுப்பளவு ஏறியதும் நின்றுவிடுகிறது. அரைமணி நேரம் விட்டுப் பார்த்தால் மீண்டும் ஏறுகிறது. ரிமோட்டும் மிக அருகில் வந்தால்தான் வேலை செய்கிறது. பார்க்க வந்தவர் மோட்டாரையே மாற்றச் சொல்கிறார். வேறு வழி உண்டா?

ராயபுரம் ஷட்டர் வேலை:
ஐயா, ஆறியபின் ஓடுகிற மோட்டாரை எரிந்த மோட்டார் என்று நான் சொல்ல மாட்டேன். சூடு ஏறினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் தர்மல் சுவிட்ச் அதற்குள்ளேயே இருக்கிறது. ஏன் சூடாகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். உங்கள் வகை ஷட்டரில் தகட்டின் எடையில் பெரும்பகுதியைத் தாங்குபவை தண்டில் உள்ள ஸ்பிரிங்குகள். அவை தளர்ந்தாலும், தகட்டின் ஓரங்கள் ஏறி இறங்கும் பக்கச் சேனல் உப்புக்காற்றில் துருவேறி இறுகினாலும், அந்தச் சுமை மோட்டாரின் தலையில்தான் விழும். மின்சாரத்தைத் துண்டிக்கும் எம்.சி.பி. சுவிட்சை இறக்கிவிட்டு, மோட்டாரின் பிரேக்கை விடுவிக்கும் கம்பியை ஒருவர் இழுத்துப் பிடித்திருக்க, இருவர் ஷட்டரைக் கையால் இடுப்பளவு தூக்கிப் பாருங்கள். அடியில் யாரும் நிற்கக் கூடாது. கையைத் தளர்த்தியதும் சரசரவென்று இறங்கினால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது. ஏறும்போதே ஓரிடத்தில் கவ்வினால் சேனல்தான் காரணம். சேனலைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துத் துடைத்து, சிலிக்கான் ஸ்பிரே அடியுங்கள். கிரீஸ் வேண்டாம், கடலோரத்தில் அது மணலைப் பிடித்துவைத்து உப்புத்தாள்போல் அராவும். முறுக்கிய ஸ்பிரிங்கை மட்டும் நீங்கள் தொடாதீர்கள், கையை முறித்துவிடும்.

தண்டையார்பேட்டை எலக்ட்ரானிக்ஸ்:
மோட்டார் உறுமிக்கொண்டே மெதுவாக ஏறினால், மோட்டார் சுழல உதவும் கெப்பாசிட்டரையும் சோதியுங்கள். மோட்டார் விலையோடு பார்த்தால் அது சொற்பச் செலவு. ரிமோட்டில் இருப்பது 12 வோல்ட் பேட்டரி என்றால், மீட்டரில் 11க்குக் கீழே காட்டியதும் மாற்றிவிடுங்கள். புதுப் பேட்டரிக்கும் தூரம் கூடவில்லை என்றால், ரிமோட்டின் சிக்னலை வாங்கும் ரிசீவர் பெட்டியைத் திறந்து ஆன்டெனா கம்பியைப் பாருங்கள். பெரும்பாலான ரிமோட்டுகள் 433 மெகாஹெர்ட்ஸில் இயங்குபவை. அதற்கேற்ற கம்பி ஏறத்தாழ 17 செ.மீ. நீளத்தில், உலோகப் பெட்டிக்கு வெளியே நேராக நிற்க வேண்டும். பக்கத்தில் மலிவான எல்.இ.டி. விளக்கு எரிந்தால் அதன் இரைச்சலும் சிக்னலைக் கெடுக்கும்.

காலடிப்பேட்டைவாசி:
இருவருக்கும் நன்றி. தூக்கிப் பார்த்ததில் இடப்பக்கச் சேனலில் கவ்வுகிறது. கையை எடுத்தால் ஷட்டர் இறங்காமல் அப்படியே நிற்கிறது, ஆகவே ஸ்பிரிங்கில் குறையில்லை என்று கொள்கிறேன். ஆன்டெனா கம்பியைச் சுருட்டிப் பெட்டிக்குள்ளேயே திணித்திருந்தார்கள். நேராக்கியதும் தெருமுனையிலிருந்தே ரிமோட் வேலை செய்கிறது.

ராயபுரம் ஷட்டர் வேலை:
ஸ்பிரிங்கைப் பற்றி இப்போதே முடிவு செய்ய வேண்டாம், ஐயா. இறுகிய சேனலே ஷட்டரைப் பிடித்து நிறுத்தியிருக்கலாம். சுத்தம் செய்தபின் மறுபடி தூக்கிப் பாருங்கள். அப்போதும் கையை எடுத்தபின் இறங்காமல் நின்றால்தான் ஸ்பிரிங் சரி.