டீச்சிங் அசிஸ்டன்ட் வேலைக்குப் போகலாமா?

வணக்கம் அண்ணாமார், அக்காமார். எனக்கு 23 வயது, லண்டன் ஹரோவில் இருக்கிறேன். கம்ப்யூட்டர் படித்தேன், மனம் ஒட்டவில்லை. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் உதவிக்கு நிற்கிறேன். மூன்று கிழமையாக ‘ழ’ வராமல் திணறிய பிள்ளை அதைச் சரியாகச் சொன்ன அன்று எனக்கு நித்திரையே வரவில்லை.

இப்போது ஒரு பிரைமரி பள்ளியில் வேலை தருகிறார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு போனிக்ஸ் (எழுத்துகளின் ஒலியைச் சேர்த்து வாசிக்கப் பழக்கும் முறை) வாசிப்பு, ஆட்டிசம் உள்ள ஒரு பிள்ளைக்குத் தனித் துணை. டிபிஎஸ் சோதனை, அதாவது குற்றப் பதிவு இருக்கிறதா என்று பார்ப்பது, பிரச்சினையில்லை. சம்பளம்தான் இடிக்கிறது. வருடத்தில் சுமார் 39 கிழமைதான் வேலை, அந்தக் காசைத்தான் பன்னிரண்டு மாதத்துக்கும் பிரித்துத் தருவார்கள். அம்மாவோ, “ஆம்பிளைப் பிள்ளைக்கு இதென்ன வேலை?” என்கிறா. நேர்முகத்துக்குப் போனால் அங்கே நான் ஒருவன்தான் ஆண்!

இந்த வேலை செய்த ஆண்கள் யாராவது இங்கே இருக்கிறீர்களா? அழுகிற பிள்ளை ஓடிவந்து கட்டிப்பிடித்தால் என்ன செய்வீர்கள்? கேட்கவே கூச்சமாக இருக்கிறது, ஆனால் என் பெரிய பயம் அதுதான். அப்புறம், இரண்டு வருடம் இதில் நின்றுவிட்டு பிஜிசிஇ என்கிற ஆசிரியர் பயிற்சியைச் செய்து ஆசிரியராவது நல்லதா, நேரடியாகவே விண்ணப்பிக்கலாமா? வியாழனுக்குள் பள்ளிக்குப் பதில் சொல்ல வேண்டும்.