பெரும்பாக்கத்துத் தண்ணீருக்கு வழி தெரியும்

எனக்குச் சொந்த ஊர் சென்னைக்குத் தெற்கே இருக்கும் பெரும்பாக்கம். இன்று அந்தப் பேரைச் சொன்னால் சோழிங்கநல்லூர் போகிற சாலையும் அடுக்குமாடிகளும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். எண்பதுகளில் நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் ஊருக்கு ஏரி இருந்தது, அதன் கீழே நெல் வயல், அதற்கும் அப்பால் கழுவெளி. பள்ளிக்கரணை சதுப்புநிலம் என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்களே, அதுதான். அங்கேதான் மாடு மேயும். கோரை அறுக்கப் பெண்கள் கூட்டமாகப் போவார்கள். தண்ணீர் வற்றும்போது சேற்றில் கை விட்டு விரால் பிடிப்போம்.

ஐப்பசி பிறப்பதற்கு முன்பே ஊர்ப் பெரியவர்கள் மண்வெட்டியோடு கால்வாய் தூர் வாரக் கிளம்பிவிடுவார்கள். "கலங்கல் ஓடுது" என்று யாராவது சொன்னால் பிள்ளைகள் எல்லோரும் ஏரிக்கு ஓடுவோம். ஏரி நிறைந்தால் தண்ணீர் வழிந்து வெளியேறும் இடம்தான் கலங்கல். அப்படி வழியும் தண்ணீர் கழுவெளியில் பரவி நிற்கும். அப்புறம் மெதுவாக ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போய், முட்டுக்காட்டில் கடல் சேரும். இதை எந்தப் பாடப்புத்தகத்திலும் நான் படிக்கவில்லை. தாத்தா கையைப் பிடித்துக்கொண்டு நடந்ததில் தெரிந்துகொண்டது.

தொண்ணூறுகளின் கடைசியில் வயல்களில் வெள்ளையடித்த மனைக்கற்கள் முளைத்தன. நாங்களும் விற்றோம். தங்கை கல்யாணத்துக்கு 60 சென்ட். அதற்காக அப்பாவை நான் குறை சொல்ல மாட்டேன். விவசாயத்தில் கடன்தான் மிஞ்சியது. சாலை வந்ததால்தான் என் மகள் வீட்டிலிருந்தே வேலைக்குப் போய் வருகிறாள். ஆனால் மனை போட்டவர்கள் கால்வாயையும் சேர்த்து மூடியதை நாங்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்தோமே, அது இன்னும் மனதை அறுக்கிறது.

2015 டிசம்பர் மழையில் எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மறுபடியும். அந்த இரண்டாவது வெள்ளம் வடிந்த பிறகு, எதிர்க் குடியிருப்பில் இருக்கும் தருமபுரிக்காரத் தம்பி ஒருவர் வீட்டுக்கு வந்தார். கடன் வாங்கி வீடு வாங்கியவர். கார் முழுசாக மூழ்கிவிட்டது. "அண்ணா, இந்தத் தண்ணி எங்கிருந்துதான் வருது?" என்று கேட்டார். குரலில் கோபமே இல்லை, அவ்வளவு களைப்பு.

வாயால் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. பழைய காலண்டர் தாள் ஒன்றைத் திருப்பிப் போட்டு ஏரி, மதகு, கால்வாய், கழுவெளி என்று வரைந்தேன். அவருடைய குடியிருப்பின் வண்டி நிறுத்துமிடம் சரியாகக் கால்வாய்க் கோட்டின் மேல் வந்து உட்கார்ந்தது. கொஞ்ச நேரம் இரண்டு பேருமே பேசவில்லை.

உள்ளே படுத்திருந்த அத்தை எழுந்து வந்தார். எண்பது வயது தாண்டியவர், கோரை அறுத்துக் காய்த்த கை. தாளை வாங்கிக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். "அங்க எங்கடா கலங்கல் இருந்துது? இந்தாண்ட போடு. வாய்க்காலு ரெண்டு. ஒண்ண உட்டுட்ட."

நான் மறந்தே போயிருந்த அந்த இரண்டாவது வாய்க்காலை அவர் விரலால் காட்டக் காட்ட, தம்பி பேனாவை வாங்கி வரைந்தார். அது இப்போது ஒரு பெரிய கடையின் அடியில் போகிறது.

2022இல் கழுவெளியின் சுமார் 1,248 ஹெக்டேர் ராம்சார் நிலமாக, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டபோது உண்மையாகவே சந்தோஷப்பட்டேன். மிச்சம் இருப்பதாவது பிழைக்கட்டும். ஆனால் அதற்குத் தண்ணீர் கொண்டுபோகிற வாய்க்கால்களும் வேண்டுமே.

அந்தக் காலண்டர் தாளைத் தம்பி நகல் எடுத்துக் குடியிருப்புச் சங்க அறையில் ஒட்டியிருக்கிறார். போன ஐப்பசிக்கு முன்னால் அவர்களே ஆள் வைத்து, மூடாமல் மிஞ்சியிருந்த வாய்க்காலைத் தூர் வாரினார்கள். அத்தையை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போய்க் கரையில் உட்கார வைத்தோம். "இன்னும் ஆழம், இன்னும் ஆழம்" என்று மாலை வரை சொல்லிக்கொண்டே இருந்தார்.