மாமாவின் கசட்டுகள்: திகதி பொருந்தவில்லை, பாட்டு வேகமாக ஓடுகிறது, உதவி தேவை

மாமாவின்_கசட் (வெள்ளவத்தை)

வணக்கம். என் மாமா, அம்மாவின் தம்பி, 83க்குப் பிறகு கனடா போனவர். ஸ்காபரோவில் இருந்தபோது கிரேட்ஃபுல் டெட் என்ற அமெரிக்க ரொக் இசைக்குழு மேல் அவருக்கு அவ்வளவு பிரியம். 2009இல் கொழும்புக்கு வந்தபோது ஒரு சப்பாத்துப் பெட்டி நிறையக் கசட் கொண்டுவந்து "பத்திரமாக வைத்திரு" என்று அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். போன வருஷம் தவறிவிட்டார். பெட்டி இத்தனை காலமும் அலுமாரிக்குள்ளேயே கிடந்தது, இப்போதுதான் திறந்தேன். மொத்தம் 23 கசட்.

புறக்கோட்டையில் பழைய டெக் ஒன்று வாங்கி, ஒருவரிடம் கொடுத்துத் திருத்தி, கணினியில் ஏற்றத் தொடங்கியிருக்கிறேன். மூன்று பிரச்சினை.

முதலாவது திகதி. ஒரு கசட்டில் 5/8/77, இன்னொன்றில் 9/3/77 என்று எழுதியிருக்கிறார். 1977 ஓகஸ்ட் 5இல் இந்தக் குழு எங்கேயும் வாசித்ததாக ஒரு பட்டியலிலும் இல்லை. மார்ச் 9உம் இல்லை. வேறு ஒன்றில் 2/13/70. பதின்மூன்றாம் மாதம் எங்கே இருக்கிறது? மாமா எதையும் ஏனோதானோ என்று எழுதுகிறவர் இல்லை.

இரண்டாவது, எல்லாப் பாட்டும் வேகம். நான் கொஞ்சம் கிட்டார் வாசிப்பேன். கூடவே வாசித்துப் பார்த்தால் எல்லாமே ஒரு ஃபிரெட் மேலே நிற்கிறது.

மூன்றாவது, மூன்று கசட்டில் வெள்ளையாகப் பூஞ்சணம். கடல் பக்கத்து வீடு, ஈரக்காற்று.

இதை ஏன் இவ்வளவு கவனமாகக் கேட்கிறேன் என்றால், "ஹமில்டன் 3/22/90, சொந்த மைக்" என்று எழுதிய கசட்டில் இரண்டு பாட்டுக்கு நடுவில் மாமாவே கதைக்கிறார். "பற்றரி போகுதடா, மற்றதை எடு" என்று பக்கத்தில் நிற்பவரிடம் சொல்கிறார். அம்மாவைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினேன். அம்மா கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "இது அவன்ர குரல் மாதிரி இல்லையே, அவன் ஆறுதலாகக் கதைக்கிறவன்" என்றார். அதற்குப் பிறகு எனக்கு வேறு எதிலும் மனம் போகவில்லை. வேகத்தைச் சரியாக்க வேண்டும். எப்படி?

தெகிவளை_டேப்

திகதி விஷயம் சுலபம் தங்கச்சி. மாமா பிழையாக எழுதவில்லை. அமெரிக்காவில் மாதம் முதலில், நாள் இரண்டாவது. கச்சேரிகளைப் பதிந்து ஒருவருக்கொருவர் கசட் மாற்றிக்கொண்ட இரசிகர்கள் எல்லாரும் அந்த வழக்கத்திலேயே எழுதினார்கள், அவர்களிடமிருந்து பிரதி எடுத்தவர்களும் அப்படியே எழுதினார்கள். உங்கள் பெட்டியிலேயே அதற்குச் சாட்சி இருக்கிறது: 2/13/70ஐயும் 3/22/90ஐயும் வேறு எப்படியும் வாசிக்க முடியாது.

ஆகவே 5/8/77 என்பது 1977 மே 8, கோர்னெல் பல்கலைக்கழகத்து பார்ட்டன் மண்டபம். இந்தக் குழுவின் இரசிகர்களிடம் ஒரு கச்சேரி சொல்லுங்கள் என்றால் பாதிப் பேர் சொல்வது இதைத்தான். 2012இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் சேர்த்ததாக அறிவித்தது. 9/3/77 என்பது செப்டெம்பர் 3, நியூ ஜேர்சியில் இங்கிலிஷ்டவுன், ஓர் இலட்சத்துக்கும் மேல் சனம் வந்த கச்சேரி. நீங்கள் தேடிய ஓகஸ்டில் ஒன்றும் கிடைக்காததற்கும் காரணம் இருக்கிறது: அந்த ஜூனில் டிரம்ஸ் வாசித்த மிக்கி ஹார்ட் கார் விபத்தில் அடிபட்டார், கோடைச் சுற்றுப்பயணம் நின்றுபோய், இங்கிலிஷ்டவுனில்தான் திரும்ப மேடை ஏறினார்கள். 2/13/70 நியூயோர்க் ஃபில்மோர் ஈஸ்ட்.

கோர்னெல் கசட் சௌண்ட்போர்ட் பதிவா, அதாவது மேடை ஒலியைக் கலக்கும் பலகையிலிருந்து நேராக எடுத்ததா, சனத்துக்குள் இருந்து எடுத்ததா? கைதட்டல் தூரத்தில் மெல்லியதாகக் கேட்டு, பாட்டுக் குரல் காதுக்குள் நிற்பது போல இருந்தால் சௌண்ட்போர்ட். அப்படியானால் அது பெட்டி கான்டர்-ஜாக்சன் என்ற ஒலிப்பதிவாளர் எடுத்தது. அவருடைய டேப்புகள் இருந்த களஞ்சிய அறை வாடகை கட்டாமல் 1986இல் ஏலம் போனது, அதை வாங்கியவர்கள் வழியாகத்தான் அவை இரசிகர் கைக்கு வந்தன. மாமாவின் பிரதி அதற்குப் பிறகு எடுத்ததாக இருக்கும்.

ஒன்று சொல்கிறேன், மனதில் வைத்திருங்கள். கோர்னெல் 2017 மேயில் அதிகாரபூர்வமாகவே வெளிவந்துவிட்டது, நல்ல மூலத்திலிருந்து, வேகம் திருத்தி. ஹமில்டன் கசட் அப்படி இல்லை. கனடாவில் ஹமில்டன் நகரத்துக் கொப்ஸ் கொலிசியத்தில் நடந்த அன்றைய கச்சேரி 2012இல் குழு வெளியிட்ட சீடித் தொகுப்பில் இருக்கிறது, உண்மை. ஆனால் மாமா நின்ற இடத்திலிருந்து எடுத்த பதிவு உலகத்தில் உங்களிடம் மட்டும்தான் உண்டு. முதலில் அதைக் காப்பாற்றுங்கள், மற்றதெல்லாம் பிறகு.

கொட்டாஞ்சேனை_வானொலி

வேகத்துக்கு நான் சொல்கிறேன். முப்பது வருஷம் ரேடியோ, டெக் திருத்தியவன்.

பிள்ளை, மாமா ஹமில்டனில் எந்த ரெக்கோடரில் எடுத்தார் என்று எழுதியிருக்கிறாரா?

மாமாவின்_கசட்

உறையின் உள்பக்கத்தில் "சோனி டி6சி, டொல்பி இல்லை" என்று இருக்கிறது ஐயா. கோர்னெல் சௌண்ட்போர்ட்தான் போலிருக்கிறது, கைதட்டல் தூரத்தில்தான் கேட்கிறது.

கொட்டாஞ்சேனை_வானொலி

நல்லது, மாமா விஷயம் தெரிந்தவர். அந்தச் சோனி கையில் கொண்டு போகக்கூடிய சின்ன ரெக்கோடர்தான், ஆனால் அது குவாட்ஸ் படிகத்தின் கட்டுப்பாட்டில் ஒரே வேகத்தில் ஓடும். அதில் பதிந்தது கிட்டத்தட்டச் சரியான வேகத்தில்தான் இருக்கும். அப்படியென்றால் பிழை உங்கள் டெக்கில். கசட் ஒரு செக்கனுக்கு 4.76 சென்டிமீற்றர் ஓட வேண்டும், உங்களுடையது அதைவிடக் கூட ஓடுகிறது. திருத்தியவர் மோட்டரின் வேகத் திருகாணியை அளவு பார்க்காமல் திருகியிருக்கலாம். பட்டி தளர்ந்தால் மெதுவாகத்தான் ஓடும், வேகமாக ஓடாது. அதனால் பட்டியைச் சந்தேகிக்க வேண்டாம்.

அளப்பதற்கு டெஸ்ட் டேப் தேடி அலைய வேண்டாம், இரண்டு வழி இருக்கிறது.

ஒன்று, ஹமில்டன் கச்சேரியின் அதிகாரபூர்வப் பதிவில் ஒரே பாட்டுக்குள் இரண்டு டிரம் அடியைக் குறித்துக்கொள்ளுங்கள், நடுவில் பத்து நிமிஷமாவது இருக்கட்டும். அதே இரண்டு அடி உங்கள் பதிவில் எத்தனை செக்கன் என்று பாருங்கள். டிராக்கின் மொத்த நீளத்தை ஒப்பிடாதீர்கள், எங்கே வெட்டியிருக்கிறார்கள் என்பது பதிவுக்குப் பதிவு மாறும். பற்றரி மாற்றிய இடத்துக்கு முன்னால் ஒருமுறை, பின்னால் ஒருமுறை அளவுங்கள். பற்றரி இறங்கும்போது வேகம் தளர்ந்ததா என்று அதில் தெரியும்.

மற்றது கோர்னெல் கசட்டுக்கு. பாட்டு இல்லாத அமைதியான இடத்தை எடுத்து ஓடாசிட்டி என்ற ஒலித்திருத்த மென்பொருளில் அலைவரிசைப் படம் போட்டுப் பாருங்கள், கீழே இரைச்சலுக்குள் மின்சார முனகல் கூராக எழும்பி நிற்கும். வட அமெரிக்காவில் மின்சாரம் 60 ஹேர்ட்ஸ். அங்கே பிரதி எடுத்த கசட்டில் அந்த 60 பதிந்திருக்கும், டெக் வேகமாக ஓடினால் அது 60க்கு மேலே போய் நிற்கும். கவனம், 50இலும் ஒரு கோடு நிற்கும். அது உங்கள் வீட்டு மின்சாரம், கசட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. டெக்கை எப்படித் திருகினாலும் அது நகராது. நகருகிற கோடுதான் நமக்கு வேண்டியது.

புதுவரவு

குறுக்கே கேட்பதற்கு மன்னிக்கவும். அங்கே 60, இங்கே 50 என்பதாலேயே டெக் வேகம் மாறாதா?

கொட்டாஞ்சேனை_வானொலி

நேரடியாக ஏசி மோட்டரில் ஓடும் பழைய ரீல் டெக்கில் மாறும், அமெரிக்காவுக்குச் செய்தது இங்கே மெதுவாக ஓடும். கசட் டெக்குகளில் அநேகமாக டிசி மோட்டர்தான், அங்கே இந்தப் பிரச்சினை வராது.

மாமாவின்_கசட்

அளந்தேன்! ஹமில்டன்: அதிகாரபூர்வப் பதிவில் 600 செக்கன் வரும் இடம் என்னுடையதில் 566 செக்கன். பற்றரி மாற்றியதற்கு முன்னும் பின்னும் ஒரே விகிதம்தான். கோர்னெல்: நீங்கள் சொன்ன மாதிரியே 50இல் ஒரு கோடு, 64.2இல் இன்னொன்று. ஆனால் இரண்டு கணக்கும் ஒத்துப்போகவில்லையே? முதலாவதில் 6 வீதம் வருகிறது, இரண்டாவதில் 7.

கொட்டாஞ்சேனை_வானொலி

ஒத்துத்தான் போகிறது. 600ஐ 566ஆல் வகுத்தால் 1.06. உங்கள் டெக் 6 வீதம் வேகம், அது கிட்டத்தட்ட அரைச் சுரம், அதனால்தான் கிட்டாரில் சரியாக ஒரு ஃபிரெட் தள்ளி நின்றது. கோர்னெல் கசட்டில் மிச்சம் இருக்கும் 1 வீதம் உங்கள் டெக்கின் பிழை இல்லை. எத்தனையோ கை மாறிப் பிரதி எடுத்த கசட், வழியில் ஏதோ ஒரு டெக் மெதுவாக ஓடிப் பதிந்திருக்கும். மெதுவாகப் பதிந்ததைச் சரியான வேகத்தில் போட்டால் வேகமாகக் கேட்கும்.

அதனால் ஒரேயடியாகக் கணினியில் எல்லாவற்றையும் 7 வீதம் குறைத்துவிடாதீர்கள். முதலில் டெக்கைத் திருத்துங்கள். மோட்டரின் பின்பக்கத்தில் சிறிய துளை இருக்கும், உள்ளே திருகாணி. மெல்லிய பிளாஸ்டிக் திருப்புளியால் மயிரிழை மயிரிழையாகத் திருப்பி, அந்த இடம் 600 செக்கனுக்கு வரும்வரை பாருங்கள். மின்சாரப் பக்கத்தில் கை வைக்க வேண்டாம், பழக்கமில்லாவிட்டால் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். பிறகு ஹமில்டனைத் திரும்ப ஏற்றுங்கள், அதற்குக் கணினியில் எந்த மாற்றமும் தேவைப்படாது. கோர்னெலுக்கு மட்டும் ஓடாசிட்டியில் வேகத்தையும் சுருதியையும் சேர்த்து மாற்றும் கட்டளையில் 1 வீதம் குறையுங்கள். சுருதியை மட்டும் மாற்றுகிற கட்டளை வேறு, தாளத்தை மட்டும் மாற்றுகிற கட்டளை வேறு. இரண்டும் ஒலியைக் கெடுக்கும்.

திரும்ப ஏற்றுவதற்கு முன், டேப்பை வாசிக்கும் ஹெட்டின் சாய்வுத் திருகாணியையும் ஒவ்வொரு கசட்டுக்கும் பார்த்துக்கொள்ளுங்கள், இரண்டு சானலையும் ஒன்றாக்கிக் கேட்டபடி திருகினால் சிம்பல் ஒலி தெளிவாகிற இடம் தெரியும். மாமா டொல்பி இல்லை என்று எழுதியிருப்பதால் டெக்கிலும் டொல்பி என்ற இரைச்சல் குறைப்பை நிறுத்திவிடுங்கள், இல்லையென்றால் மேல் ஒலி மங்கிப்போகும். 24 பிட்டில் ஏற்றி, கை வைக்காத மூலப் பிரதி ஒன்றைத் தனியாக வையுங்கள்.

தெகிவளை_டேப்

பூஞ்சணத்துக்கு நான் சொல்கிறேன், நானும் பட்டவன். அந்த மூன்றையும் டெக்கில் போடவே வேண்டாம். ஒன்றைப் போட்டாலே தூள் ஹெட்டில் ஒட்டி அடுத்த கசட்டுக்குப் போகும். காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு இரண்டு மூன்று கிழமை வையுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு முகக்கவசம் போட்டு, வீட்டுக்கு வெளியே வைத்து, மெல்லிய தூரிகையால் தட்டுங்கள். கூட்டில் திருகாணி இருந்தால் கழற்றி, ரீல் இரண்டையும் புதிய கூட்டுக்கு மாற்றலாம். சூடு காட்டாதீர்கள், வெயிலிலும் வேண்டாம். டெக்கின் ஹெட்டைத் துடைக்க 99 வீத ஐசோபுரோப்பைல் அல்கஹோல் தேடி வாங்குங்கள். மருந்துக் கடை சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் தண்ணீரும் சிலவேளை எண்ணெயும் கலந்திருக்கும்.

மாமாவின்_கசட்

ஞாயிறு மத்தியானம் டெக்கைத் திருத்தினோம், பக்கத்து வீட்டு அண்ணா உதவினார். நாலு தரம் திருகி, நாலு தரம் அளந்து, கடைசியில் 599.8 செக்கனுக்கு வந்தது. கோர்னெலின் கோடு 60.6க்கு இறங்கிவிட்டது, ஐயா சொன்ன அதே 1 வீதம்.

பின்னேரம் அம்மா தேத்தண்ணியோடு வந்து உட்கார்ந்தார். ஒன்றும் சொல்லாமல் ஹமில்டனைப் போட்டேன். பாட்டு முடிந்து கைதட்டல் வந்தது, பிறகு அந்த "பற்றரி போகுதடா". அம்மா "ஓம், இவன்தான்" என்றார். திரும்பப் போடச் சொன்னார். ஏழெட்டுத் தரம் போட்டோம். அந்தக் கச்சேரிக்குப் போக வேலையில் லீவு எடுத்ததற்கு அம்மம்மா தொலைபேசியில் ஏசினாராம், அந்தக் கதையை இன்றைக்குத்தான் எனக்குச் சொன்னார்.

இப்போது இன்னொரு கேள்வி. இதை இன்டர்நெட் ஆர்கைவ் என்ற இணையக் களஞ்சியத் தளத்தில் கொடுக்கலாமா? கொடுக்கும்போது மாமா கதைக்கிற இடத்தை வெட்ட வேண்டுமா?

தெகிவளை_டேப்

கொடுக்கலாம். இந்தக் குழு இரசிகர்கள் பதிவதை அனுமதித்தது மட்டுமில்லை, 1984 ஒக்டோபரிலிருந்து பதிபவர்களுக்கென்று மண்டபத்தில் தனி இடமே ஒதுக்கியது. மாமா அங்கேதான் நின்றிருப்பார். விற்கக்கூடாது என்பதுதான் நிபந்தனை. சனத்துக்குள் இருந்து எடுத்த பதிவை அந்தத் தளத்தில் எவரும் இறக்கிக்கொள்ளலாம். சௌண்ட்போர்ட் பதிவுகள் 2005 முடிவிலிருந்து கேட்க மட்டும்தான், ஆகவே கோர்னெலை ஏற்ற வேண்டிய தேவையே இல்லை. ஒலித்தரம் குறையாத ஃபிளாக் கோப்பாக ஏற்றுங்கள், எம்பி3 வேண்டாம். கூடவே ஒரு குறிப்பும் எழுதுங்கள்: எந்த ரெக்கோடர், எந்த டெக், வேகத்தை எப்படி அளந்தீர்கள், எல்லாம்.

மாமாவின் குரலை வெட்டாதீர்கள். ஹமில்டனில் அந்த இரவு தமிழ் கேட்டது என்பதும் பதிவில் இருக்கட்டும்.

மாமாவின்_கசட்

வெட்டவில்லை. அம்மாவும் அதையேதான் சொன்னார். "மற்றதை எடு" என்றதற்கு "எந்தப் பொக்கற்றிலை?" என்று ஒரு குரல் கேட்கிறது, அவர் யாரென்று அம்மாவுக்குத் தெரியவில்லை. ஸ்காபரோவில் மாமியிடம் கேட்டிருக்கிறேன். பூஞ்சணக் கசட் மூன்றும் சிலிக்கா ஜெல்லோடு பெட்டிக்குள். காய்ந்ததும் திறந்து இங்கேயே எழுதுகிறேன்.