நீறு பூத்த நெருப்பு: வீட்டு பார்பிக்யூவில் உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லுங்கள்

எடிசன்வாசி (நியூ ஜெர்சி):

போன மே மாதம் எங்கள் வீட்டில் நடந்தது. யாருக்காவது உதவும் என்றுதான் எழுதுகிறேன். உங்களுக்கு நேர்ந்ததையும் எழுதுங்கள்.

மெமோரியல் டே விடுமுறை. ஞாயிறு சாயங்காலம் கொல்லைப்புறத்தில் கரி கிரிலைப் பற்றவைத்து கோழி, பன்னீர், சோளம் என்று சுட்டுச் சாப்பிட்டோம். எட்டரை மணிக்கு மூடியைப் போட்டேன். காற்றுத் துளைகளை முழுக்க அடைத்திருந்தால் காற்றில்லாமல் கரி அணைந்திருக்கும். நான் பாதி திறந்தே விட்டுவிட்டேன். ராத்திரி முழுக்க உள்ளே மெதுவாகக் கனன்றுகொண்டே இருந்திருக்கிறது.

மறுநாள் காலை பத்து மணிக்கு மூடியைத் திறந்தால் வெறும் வெள்ளைச் சாம்பல். விரலால் தொட்டுப் பார்த்தேன், மேலே சூடே இல்லை. அள்ளி, புல்லும் சருகும் போடும் பழுப்புக் காகிதப் பையில் கொட்டி, கராஜ் சுவர் ஓரமாக வைத்துவிட்டு உள்ளே போய்விட்டேன்.

ஒன்றரை மணி இருக்கும். "ஏங்க, பிளாஸ்டிக் கருகுற வாடை வருதே" என்றாள் மனைவி. ஓடிப்போய்ப் பார்த்தால் பையின் அடிப்பக்கமே இல்லை. சருகுக்குள் ஆரஞ்சு நிறத்தில் தணல். பக்கத்துச் சுவரின் வினைல் பலகைகள் முழங்கால் உயரத்துக்கு மெழுகு மாதிரி இளகித் தொங்கின. தோட்டக் குழாயை எடுத்து அடித்தேன். மனைவி 911-ஐ அழைத்தாள். வந்த தீயணைப்பு வீரர்கள் இரண்டு பலகைகளைப் பிடுங்கி, சூட்டைக் காட்டும் கேமராவைச் சுவரில் பிடித்துப் பார்த்தார்கள். உள்ளே பரவவில்லை. இன்னும் அரை மணி நேரம் நாங்கள் கவனிக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போது நினைத்தாலும் வயிற்றைப் பிசைகிறது. சுவருக்கு அந்தப் பக்கம் கராஜில் என் மகனின் சைக்கிளும், அட்டைப்பெட்டிகளும், புல்வெட்டும் இயந்திரத்துக்கு வாங்கிவைத்த பெட்ரோலும் இருந்தன.

எங்கள் பாட்டி ராத்திரி அடுப்பில் தணலைச் சாம்பலால் மூடி வைப்பார். விடியற்காலையில் கிளறி, நாலு ஓலைச் செத்தையை வைத்து ஊதினால் குப்பென்று பற்றிக்கொள்ளும். சின்ன வயதில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவன் நான். சாம்பல்தான் சூட்டைப் போர்வை மாதிரி காப்பாற்றுகிறது என்று தெரிந்தும், கிரில் என்றதும் அந்த நினைவே வரவில்லை.

இப்போது மூடி போட்ட இரும்பு வாளி ஒன்று வாங்கியிருக்கிறேன். கிரில் ஆறிய பிறகு சாம்பலை அதில் கொட்டி, தண்ணீர் ஊற்றிக் கிளறி, வீட்டிலிருந்து தள்ளி வெறும் மண்தரையில் வைக்கிறேன். 48 மணி நேரம் கழித்துத்தான் குப்பைக்குப் போகும்.

ஸ்காபரோ அக்கா (கனடா):

தம்பி, வாசிக்கவே நெஞ்சு பதறுது. பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகாதது பெரிய விஷயம். எங்கள் கதை வேறு மாதிரி. நெருப்பே தெரியவில்லை.

மகளின் பிறந்தநாளுக்குப் பின்வளவில் இறைச்சி சுட்டுக்கொண்டிருந்தோம். மழை பிடித்துவிட்டது. "கராஜுக்குள்ளே தள்ளுங்கோ, கதவைப் பாதி திறந்து விட்டால் காணும்" என்று சித்தப்பா சொன்னார். எல்லோருக்கும் அது சரியாகத்தான் பட்டது. கரிச்சட்டியை உள்ளே இழுத்து, சுட்டு முடித்து, அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குள் வந்து கதைத்துக்கொண்டிருந்தோம். கராஜிலிருந்து குசினிக்கு ஒரு கதவு உண்டு. ஆட்கள் போய்வந்ததில் அது திறந்தே கிடந்திருக்கிறது.

முதலில் சித்தப்பாவுக்குத் தலையிடி. வெயிலில் நின்றது என்று நினைத்தோம். பிறகு மகளுக்கு ஓங்காளம், எனக்குத் தலைச்சுற்று. மேல்மாடியில் படுக்கையறைக்கு வெளியே இருந்த அலாரம் கத்தத் தொடங்கின பிறகுதான் விளங்கியது, கார்பன் மோனாக்சைடு. மணமும் இல்லை, நிறமும் இல்லை. இரத்தத்தில் ஒட்சிசன் இருக்க வேண்டிய இடத்தை இது பிடித்துக்கொள்ளும். ஒரே நேரத்தில் வீட்டில் எல்லோருக்கும் தலை இடித்தால், காய்ச்சலும் இல்லையென்றால், முதலில் வெளியே போங்கள். நாங்கள் மழையிலேயே எல்லோரையும் வெளியே கூட்டிக்கொண்டு வந்து 911-க்கு அடித்தோம். சித்தப்பாவுக்கு ஆஸ்பத்திரியில் இரவு முழுக்க ஒட்சிசன் கொடுத்தார்கள்.

கதவைப் பாதி திறப்பது காணாது. அணைந்துகொண்டிருக்கிற கரியும் அந்த வாயுவை விட்டுக்கொண்டே இருக்கும். குளிருக்கு என்று கரிச்சட்டியைக் கூடாரத்துக்குள்ளோ அறைக்குள்ளோ வைக்கிறவர்கள் தயவுசெய்து நிறுத்துங்கள். ஒன்டாரியோவில் எங்களைப் போல் கராஜ் ஒட்டியிருக்கிற வீடுகளுக்கு 2014-இலிருந்து இந்த அலாரம் சட்டப்படி கட்டாயம். ஆனால் பற்றரி செத்துக் கிடந்தால் சட்டம் வந்து எழுப்பாது. மாதம் ஒருதரம் அந்தப் பொத்தானை அமத்திப் பாருங்கோ.

ஹூஸ்டன் மாமா:

நம்மிடம் கேஸ் கிரில். மூடியை மூடி வைத்துக்கொண்டு குமிழைத் திருகினேன். பொறி தட்டவில்லை. இன்னொரு தடவை, இன்னொரு தடவை. நாலாவது தடவை தட்டியது. உள்ளே அதுவரை சேர்ந்த புரோப்பேன் மொத்தமும் ஒரே அடியில் பற்றி மூடியைத் தூக்கியது. புருவமும் முன்னந்தலை முடியும் போயின. கண் தப்பியது கடவுள் புண்ணியம்.

புரோப்பேன் காற்றைவிடக் கனமானது. மேலே போகாமல் கீழேயே தேங்கும். அதனால் மூடியைத் திறந்த பிறகுதான் பற்றவைக்க வேண்டும். பற்றவில்லையென்றால் கேஸை அடைத்துவிட்டு, ஐந்து நிமிடமாவது காத்திருந்து அப்புறம் முயலுங்கள். சிலிண்டரைக் கராஜிலோ பேஸ்மென்ட்டிலோ வைக்கக் கூடாது என்பதற்கும் இதே காரணம்தான். வெளியே, நிமிர்த்தி, நிழலில் வைக்க வேண்டும்.

குளிர்காலம் முழுக்க மூடிக் கிடந்த கிரிலில் பர்னர் குழாய்க்குள் சிலந்தி கூடு கட்டும். என்னுடையதில் இருந்தது. வழி அடைபட்டால் கேஸ் பின்னால் திரும்பி வந்து பற்றும். வசந்தத்தில் முதல் தடவை பற்றவைக்கும் முன் குழாயைச் சுத்தம் செய்து, ரப்பர் குழாயிலும் இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்த்துவிடுகிறேன்.

வேளச்சேரி (சென்னை):

எங்கள் அடுக்குமாடியில் மொட்டை மாடியில் சுட்டார்கள். கரி பிடிக்கவில்லை என்று ஒரு தம்பி எரிகிற கரி மேலேயே பாட்டிலிலிருந்து பெட்ரோலை ஊற்றினான். தீ அந்தத் தாரை வழியாகவே கைக்கு ஏறியது. முழங்கை வரை வெந்துவிட்டது. பக்கத்துக் கொடியில் காய்ந்த போர்வையும் பற்றிக்கொண்டது. காயத்துக்கு யாரோ பற்பசை பூசப் போனார்கள். என் மனைவி தடுத்து, இருபது நிமிடம் குழாய்த் தண்ணீரில் கையைக் காட்ட வைத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாள்.

எடிசன்வாசி, ஒரு சந்தேகம். கொழுப்புச் சொட்டித் தட்டில் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றலாமா?

எடிசன்வாசி:

ஊற்றவே ஊற்றாதீர்கள் சார். எரியும் எண்ணெயில் தண்ணீர் பட்டால் நொடியில் ஆவியாகி எண்ணெயைத் தூக்கி எறியும். மூடியை மூடி, காற்றுத் துளைகளை அடையுங்கள். கேஸ் கிரில் என்றால், கைக்கு எட்டினால் கேஸையும் அடையுங்கள். சோடா உப்பு ஒரு டப்பாவும் ஒரு வாளி மணலும் இப்போது கிரில் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். அந்தத் தம்பியின் கை இப்போது எப்படி இருக்கிறது?

வேளச்சேரி (சென்னை):

தோல் வந்துவிட்டது. விரல்களை முழுக்க மடக்க இன்னும் பயிற்சி செய்துகொண்டிருக்கிறான்.