பேஸ்பால் வீரர்கள் ட்ரவுட், ஓடானிக்கெல்லாம் ஆடும்போதே ஹால் ஆஃப் ஃபேம் கொடுத்தால் என்ன?

லாஸ்பேட்டை ராக்கோழி:
மெடிக்கல் பில்லிங்கில் நைட் ஷிஃப்ட் எனக்கு. அமெரிக்க கிளையன்ட்டோடு மாரடித்ததில் அவர்கள் பேஸ்பாலும் ஒட்டிக்கொண்டது. ஓடானியின் டீமான லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் சொந்த ஊரில் ஆடும் இரவு மேட்ச் நமக்குக் காலை 7:40-க்குத் தொடங்கும். ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்கு வந்து இட்லித் தட்டோடு உட்கார்ந்தால் சரியாக இருக்கும். அம்மா திட்டுவது தனிக்கதை.

ஓடானி 2024-ல் ஒரே சீசனில் 54 ஹோம் ரன் (நம்ம சிக்ஸர் மாதிரி), 59 ஸ்டோலன் பேஸ் (பிட்சர் அசந்த நேரத்தில் அடுத்த பேஸுக்கு ஓடிப் பிடிப்பது). சீசனின் சிறந்த வீரருக்கான எம்விபி விருது நாலு முறை, நாலும் ஒருமனதாக. மைக் ட்ரவுட்டுக்கு மூன்று எம்விபி, ஹோம் ரன் 400-ஐத் தாண்டியாச்சு. இன்றைக்கே மட்டையைக் கீழே வைத்தாலும் கூப்பர்ஸ்டவுனில், அதாவது பேஸ்பால் ஜாம்பவான்களை ஓட்டுப் போட்டுச் சேர்க்கும் ஹால் ஆஃப் ஃபேமில், இடம் உண்டு. அப்புறம் எதற்கு ஓய்வுக்குப் பிறகு ஐந்து வருடக் காத்திருப்பு? தோனியை 2025-ல் ஐசிசி ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தார்களே, அந்த வருடமும் சேப்பாக்கத்தில் கீப்பிங் செய்துகொண்டுதானே இருந்தார்?

மஞ்சக்குப்பம் பி.டி. வாத்தியார்:
தம்பி, தோனி கதை வேறு. ஐசிசி பார்ப்பது சர்வதேச ஆட்டத்தை. 2019 உலகக் கோப்பை அரையிறுதியோடு அவருக்கு அது முடிந்தது.

ட்ரவுட்டுக்குத் தகுதி இருக்கிறதா என்றால் இருக்கிறது, அதில் சண்டையே இல்லை. ஆனால் யொஹான் சந்தானா என்ற பிட்சரை (பந்து வீசுபவர்) நினைத்துப் பார். 2004, 2006 இரண்டு வருடமும் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது. அந்தச் சூட்டில் ஓட்டெடுப்பு வைத்திருந்தால் தோளில் தூக்கிக்கொண்டு போய் உள்ளே விட்டிருப்பார்கள். தோள்பட்டை போயிற்று, 2012-க்கு அப்புறம் பெரிய லீக்கில் பந்தே வீசவில்லை. 2018-ல் ஹால் ஆஃப் ஃபேம் ஓட்டுப் பட்டியலில் பெயர் வந்தபோது, உள்ளே போக 75 சதவீத ஓட்டு வேண்டிய இடத்தில் 5 சதவீதம்கூட விழாமல் முதல் வருடத்திலேயே வெளியேறினார். அது அநியாயம்தான் என்பேன். ஆனாலும் சூட்டில் போடும் ஓட்டும் ஆறின பிறகு போடும் ஓட்டும் எவ்வளவு தள்ளி நிற்கின்றன பார்.

எங்கள் ஸ்கூல் சாஃப்ட்பாலிலேயே ஃபைனல் முடியாமல் பெஸ்ட் பிளேயர் கப்பை மேஜைமேல் எடுத்து வைக்க மாட்டேன். அது கண்ணில் பட்டால் பையன் பந்தைப் பார்க்க மாட்டான்.

நெய்வேலி டவுன்ஷிப்காரன்:
சார், அந்த ஐந்து வருடம் ஒன்றும் கல்வெட்டு இல்லையே. ரொபெர்ட்டோ கிளெமென்ட்டே என்ற பேஸ்பால் வீரர் 1972 டிசம்பர் 31 அன்று நிகராகுவா நிலநடுக்கத்துக்கு நிவாரணப் பொருள் கொண்டுபோன விமானம் கடலில் விழுந்து இறந்தார். 1973-லேயே சேர்த்துவிட்டார்கள்.

மஞ்சக்குப்பம் பி.டி. வாத்தியார்:
அது சாவுக்காகத் தளர்த்தியது, நன்றாக ஆடினார் என்பதற்காக இல்லை. ஓடானி விஷயத்தில் இன்னொரு சிக்கல்: பத்து சீசன் ஆடியிருக்க வேண்டும். 2018-ல் வந்தவருக்கு 2027-தான் பத்தாவது. ஆடி ஜாஸ் என்ற பிட்சர் ஒன்பது சீசன் ஆடி 1911-ல் இறந்துபோனார். அவருக்காக அந்த விதியை ஒதுக்கி உள்ளே சேர்த்தது 1978-ல்! நீ ஐந்து வருடத்துக்கே அலுத்துக்கொள்கிறாய்.

லாஸ்பேட்டை ராக்கோழி:
ஓடானியை விட்டுவிடுகிறேன் சார். ட்ரவுட் விஷயத்தில் இறங்கி வர மாட்டேன். 2011-ல் வந்தவர், பத்து சீசன் எப்போதோ ஆயிற்று. சந்தானா மாதிரி காயம் வந்து பெயர் கெடும் என்கிறீர்களா? 2024-ல் 29 மேட்ச்தான் ஆடினார். படவேண்டிய காயமெல்லாம் பட்டாயிற்று, அப்படியும் நீங்களே தகுதி இருக்கிறது என்றுதானே சொல்கிறீர்கள்?