இடிந்த படிக்கட்டு: முன்பு இருந்ததுபோலவே கட்டலாமா, புதியது என்று தெரியட்டுமா?

கோடும்_அளவும்:
பழைய கட்டடங்களைச் சீரமைக்கும் கட்டடக் கலைஞர் நான். இப்போது கையில் இருக்கும் கட்டடத்தில் நடு மரப்படிக்கட்டின் மேல்பாதி இடிந்துபோயிருக்கிறது. கைப்பிடியில் ஒரு முழத் துண்டும், படிகள் சுவரில் பதிந்திருந்த தடமும்தான் மிச்சம். வரைபடம், புகைப்படம் எதுவும் கிடைக்கவில்லை. உரிமையாளரோ, "பழையபடியே வேண்டும், வித்தியாசம் தெரியக் கூடாது" என்கிறார்.

நான் மறுக்கிறேன். ஊகம் தொடங்கும் இடத்தில் சீரமைப்பு நின்றுவிட வேண்டும் என்கிறது 1964-ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனம்; பழைய கட்டடங்களைக் காப்பதற்கான சர்வதேச நெறிமுறை அது. புதிதாகச் சேர்ப்பது பழையதோடு இசைய வேண்டும். ஆனால் தானும் பழையதுதான் என்று நடிக்கக் கூடாது. பெர்லினின் நொயஸ் அருங்காட்சியகம் போரில் குண்டு விழுந்து பல்லாண்டுகள் பாழாய்க் கிடந்தது. 2009-இல் அது மீண்டும் திறக்கப்பட்டபோது கட்டடக் கலைஞர் டேவிட் சிப்பர்ஃபீல்டு அங்கே அமைத்திருந்த படிக்கட்டு பழையதன் உருவத்தைத்தான் கொண்டிருந்தது. அலங்காரம் மட்டும் இல்லை. வெள்ளை சிமெண்டும் சலவைக்கல் துகளும் கலந்த கான்கிரீட். அந்த நேர்மையைத்தான் நானும் வேண்டுகிறேன்.

முழு_உருவம்:
ஏற்க மாட்டேன். பாதி மரம், பாதி கான்கிரீட் என்றால் அந்தப் படியில் தினமும் ஏறி இறங்குபவருக்கு அது காயத்துக்குப் போட்ட கட்டுப்போலத்தான் தெரியும். 2019-இல் பாரிஸின் நோத்ர தாம் பேராலயம் எரிந்தபோது கண்ணாடியில் கோபுரம் வைக்கலாம் என்றெல்லாம் யோசனைகள் வந்தன. கடைசியில் எரிந்ததையே மறுபடி கட்டுவது என்று 2020-இல் முடிவானது. 2024 டிசம்பரில் பேராலயம் திறக்கப்பட்டபோது பழைய வடிவிலேயே கோபுரம் நின்றது. போரில் தரைமட்டமான வார்சா பழைய நகரத்தையும் முன்பு இருந்ததுபோல எழுப்பினார்கள். 1980-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அதையும் நடிப்பு என்பீர்களா?

கோடும்_அளவும்:
இல்லை. அந்த இரண்டு இடங்களிலும் சான்று இருந்தது. நோத்ர தாமின் கூரை மரச்சட்டத்தைத் தீவிபத்துக்கு ஐந்து ஆண்டுகள் முன்பே, 2014-இல், இரண்டு கட்டடக் கலைஞர்கள் அளந்து வரைந்துவைத்திருந்தார்கள். வார்சாவில் போருக்கு முன் எடுத்த அளவு வரைபடங்கள் உதவின. என்னிடம் இருப்பது ஒரு முழக் கைப்பிடி.

முழு_உருவம்:
அந்தக் கோபுரத்தின் பூர்வீகத்தையும் சொல்லுங்கள். இடைக்காலக் கோபுரத்தை 18-ஆம் நூற்றாண்டிலேயே இறக்கிவிட்டார்கள். எரிந்து விழுந்தது 1859-இல் கட்டடக் கலைஞர் வியோலே-ல-டுக் தன் கற்பனையையும் சேர்த்து எழுப்பியது. உங்கள் விதி அன்று இருந்திருந்தால் அவர் கையைக் கட்டிப்போட்டிருப்பீர்கள். பாரிஸுக்கு அந்தக் கோபுரமே கிடைத்திருக்காது.

கோடும்_அளவும்:
நியாயமான அடி. ஆனால் அதே மனிதர் தென்பிரான்சின் கார்கசோன் கோட்டைக் கொத்தளங்களுக்குக் கூம்பு வடிவத்தில் பலகைக்கல் (ஸ்லேட்) கூரை போட்டார். வடபிரான்சின் கூரையைத் தெற்கே கொண்டுவந்து வைத்துவிட்டார் என்ற குறை இன்றுவரை தீரவில்லை. ஒருவருடைய ஊகம் ஓரிடத்தில் அழகாக அமைந்ததால் எல்லோருக்கும் அந்த உரிமை வந்துவிடாது.

நீற்றிய_சுண்ணாம்பு:
இருவரும் உருவத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். அந்தப் படியைத் தாங்கப்போகும் சுவரை யாராவது விரல் முட்டியால் தட்டிப் பார்த்தீர்களா? பூச்சு உள்ளே விட்டிருந்தால் 'டொக் டொக்' என்று பொள்ளலாகக் கேட்கும்.

நான் பணிசெய்த ஒரு கட்டடத்தில், எனக்கு முன்பு வந்தவர்கள் சுண்ணாம்புச் சாந்தைச் சுரண்டி எடுத்துவிட்டு இணைப்புகளில் சிமெண்ட் அடைத்திருந்தார்கள். பார்க்கக் கச்சிதமாக இருந்திருக்கும். சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும்; சிமெண்ட் விடாது. ஈரம் செங்கல் வழியாகவே வெளியேறி, உப்புப் பூத்து, செங்கல்லின் முகம் மாவாக உதிர்ந்துவிட்டது. சிமெண்ட் கோடுகள் மட்டும் தேன்கூட்டின் சட்டம்போல நீட்டிக்கொண்டு நின்றன. கையை வைத்தால் உள்ளங்கை முழுக்கச் செந்தூள். அதைப் பார்த்துவிட்டு வந்த இரவு எனக்குத் தூக்கமில்லை.

ஏதென்ஸில் பழங்காலக் கோயில்கள் நிற்கும் அக்ரோபோலிஸ் குன்றிலும் இப்படித்தான். பழங்காலத்தார் கற்களை இணைக்கும் இரும்புப் பிடிகளைச் சுற்றி ஈயம் உருக்கி ஊற்றினார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீரமைத்த பொறியாளர் பலானோஸ் அந்தக் காப்பு இல்லாமலே இரும்பைப் பதித்தார். துரு பருத்துச் சலவைக்கல்லைப் பிளந்தது. பிறகு வந்தவர்கள் அவற்றை எடுத்துவிட்டு டைட்டானியம் வைக்க வேண்டியதாயிற்று. வடிவத்தில் தவறினால் கண்தான் உறுத்தும். பொருளில் தவறினால் கட்டடமே போய்விடும்.

சக்கர_நாற்காலி:
படிக்கட்டு எதுவானாலும் என்னால் ஏற முடியாது. லிஃப்ட் எங்கே வருகிறது?

கோடும்_அளவும்:
பின்புறத்தில், பிற்காலத்தில் சேர்த்த ஒட்டுக்கட்டுக்குள். பழைய சுவரில் ஒரு வாசலை மட்டும் திறக்கிறோம். தனி இரும்புச் சட்டத்தில் நிற்பதால் நாளை கழற்றினாலும் பழைய சுவருக்குச் சேதமில்லை. இதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும்.

சுண்ணாம்பு நண்பரே, திங்கட்கிழமை சாந்து மாதிரி எடுக்கிறோம். ஆய்வு முடிவு வரும்வரை அந்தச் சுவரில் கரண்டி படாது.

முழு_உருவம்:
ஒரு கேள்வி. சுவரில் தடம் இருக்கிறது என்றீர்கள். படியின் உயரம், அகலம், திருப்பம் எல்லாம் அதிலேயே கிடைக்குமே. அதுவும் ஊகமா?

கோடும்_அளவும்:
இல்லை, அது சான்றுதான். படிகளை அந்தத் தடத்தின் மேலேயே, அதே மரத்தில் வைக்கிறேன். கைப்பிடியின் கீழே இருந்த கடைசல் வேலையைத்தான் கற்பனையில் செய்ய மாட்டேன். அங்கே வெறும் சதுரக் கம்பி.

முழு_உருவம்:
படிகளுக்குச் சரி. சதுரக் கம்பிக்கு இன்னும் ஒப்பவில்லை. அந்த ஒரு முழத் துண்டின் அடியில் கடைசல் கால் பொருந்திய துளைகள் இருக்கும். அவற்றின் இடைவெளியை அளந்துவிட்டு வந்து பேசுங்கள்.